மரை கழன்றது எனக்கல்ல, என் வண்டிக்கு

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கொரட்டூரில் எங்கள் வீட்டு வாசலில் பைக்கை நடு ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஆயிலைச் சற்றே சூடாக்கி, பழைய பெயின்ட் வாளியை அடியில் தள்ளிவிட்டு, பதினேழாம் நம்பர் ரிங் ஸ்பேனருடன் நான் தரையில் படுத்தபோது, எட்டு மணிக்கெல்லாம் கையைக் கழுவிவிட்டு இட்லிக்கு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆயில் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் அல்ல. எஞ்சினின் அடிவயிற்றில் இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் இறங்கிவிடும். புது வாஷர் போட்டுப் போல்ட்டைத் திரும்பப் பூட்டி, மேலே புது ஆயிலை ஊற்றினால் முடிந்தது. அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேர வேலை எனக்கு புதன்கிழமை மாலைதான் முடிந்தது.

போல்ட் அசையவே இல்லை. இடது கையால் சைலன்சரைப் பிடித்துக்கொண்டு (சூடு ஏறியிருந்தது, அது வேறு கதை) வலது கையால் இழுத்தேன், அசையவில்லை. காலால் மிதித்தேன், வண்டிதான் ஸ்டாண்டிலிருந்து இறங்கப் பார்த்தது. கடைசியில் சுத்தியலால் ஸ்பேனரின் முனையில் நான்கு தட்டுத் தட்டியதும் ‘டக்’ என்று ஒரு சத்தத்துடன் விட்டுக்கொடுத்தது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. அதன்பின் போல்ட் சுழன்று வந்த விதமும் பிடிக்கவில்லை. எதிலும் பற்றிக்கொள்ளாமல், வெண்ணெயில் குத்திய குச்சிபோலக் கொழகொழவென்று வந்தது. ஆயில் வடிந்து முடிந்தபின் போல்ட்டைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதன் பள்ளங்களில் வெள்ளிக் கம்பிபோல ஒரு சுருள் சுற்றிக்கொண்டிருந்தது. அது வேறொன்றுமில்லை, என் எஞ்சின் அடிப்பகுதியின் அலுமினிய மரை, முழுசாகப் பிய்ந்து போல்ட்டோடு வந்திருந்தது.

அதோடு போயிருந்தால் யாரோ ஒருவரின் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். அந்தச் சுருளுக்கு மேலே, ஆயிலில் ஊறிப் பழுப்பேறிய ஒரு வெள்ளை டேப்பும் சுற்றியிருந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் பிளம்பர்கள் சுற்றுவார்களே, அதே டெஃப்லான் டேப். அதற்கும் மேலே, வாஷரைச் சுற்றி, காய்ந்துபோன சீலன்ட் பசை. ஆக, ஐந்து மாதங்களுக்கு முன் சர்வீசுக்கு விட்ட இடத்தில் இந்தப் போல்ட்டை முறுக்கியவருக்கு மரை போய்விட்டது என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், டேப்பைச் சுற்றி, பசையைத் தடவி, மிச்சமிருந்த இரண்டு மரையில் தன் பலத்தையெல்லாம் காட்டி முறுக்கி, வண்டியைக் கழுவித் துடைத்து, பில்லோடு சாவியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த வண்டியில்தான் நான் மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பாடி மேம்பாலத்தில் அன்றாடம் போய்வந்திருக்கிறேன். ஓடும்போது அந்தப் போல்ட் விழுந்தால் சூடான ஆயில் முழுவதும் நேராகப் பின் டயரின் பாதையில் கொட்டும். எஞ்சின் சீஸ் ஆகி இறுகி நிற்பதற்கு முன்பே நாங்கள் சாலையில் கிடந்திருப்போம். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது. பயத்தில் அல்ல, கோபத்தில்.

தொலைபேசியில் கேட்டேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “லூசா விட்டா ஆயில் ஒழுகும் சார். அதான் நம்ம பையன் நல்லா டைட்டா வெச்சிருக்கான்.” இந்த ‘நல்லா டைட்டா’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. நம் ஊரில் டைட் என்பது ஒரு அளவு அல்ல, அது ஒரு குணம். எவ்வளவு முறுக்குகிறானோ அவ்வளவு நாணயமான வேலைக்காரன். கை நரம்பு புடைக்க முறுக்கி, முடித்துவிட்டு ஸ்பேனரால் போல்ட் தலையில் ஒரு தட்டுத் தட்டி, “இனி ஜென்மத்துக்கும் கழலாது சார்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஐயா, அது கழல வேண்டிய போல்ட் ஐயா! மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றுவதற்காகவே அதை அங்கே வைத்திருக்கிறார்கள். ஜென்மத்துக்கும் கழலக் கூடாது என்றால் வெல்டிங் வைத்து அனுப்பியிருக்க மாட்டார்களா?

கணக்கு ஒன்றும் கடினமில்லை. இந்த அளவு டிரெயின் போல்ட்டுக்குப் பெரும்பாலான கையேடுகள் சொல்வது 25 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்கு. கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் பத்து கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ அவ்வளவுதான். ஒரு கையால், மணிக்கட்டு அசைவில் வந்துவிடும். அதே ஸ்பேனரில் அரை மீட்டர் பைப்பை மாட்டி, உடம்பின் பாதி எடையை அதன்மேல் சாய்த்தால் 150 நியூட்டன் மீட்டர், அதாவது வேண்டியதைப்போல் ஆறு மடங்கு. போல்ட் எஃகு, அது விழுந்த ஓட்டை அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் எது தோற்கும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். போல்ட் பிடித்துக்கொண்டிருப்பது முரட்டுத்தனத்தால் அல்ல. முறுக்கும்போது அது நூலிழை அளவுக்கு நீள்கிறது. நீண்ட ஸ்பிரிங் சுருங்கப் பார்ப்பதுபோல அது திரும்பச் சுருங்க முயல்வதால்தான் இரண்டு பாகங்களையும் சேர்த்து அழுத்துகிறது. ஆயில் ஒழுகாமல் காப்பது இந்த அழுத்தமும் இருபது ரூபாய்கூடப் பெறாத ஒரு வாஷரும்தான். அந்த வாஷரை மாற்றச் சோம்பல்பட்டு, பழைய நசுங்கிய வாஷரையே போட்டு, அதனால் வரும் ஒழுக்கை நிறுத்த இன்னும் முறுக்கி, மரையைப் பிய்த்து, அதை மறைக்க டேப் சுற்றி... ஒரு வாஷர் மாற்றியிருந்தால் போதுமே!

கையால் அளவு தெரியாது என்றால் அதற்கும் கருவி இருக்கிறது. டார்க் ரென்ச், அதாவது எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டிக்கொடுக்கும் ஸ்பேனர், நேற்று வந்த சாமான் அல்ல. நியூயார்க் மாநகரின் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர், பூமிக்கடியில் குழாய் போல்ட்டுகளை ஆட்கள் அளவு தெரியாமல் முறுக்கிக் கெடுப்பதைத் தடுக்க 1918-இல் அதை உருவாக்கியதாகச் சொல்வார்கள். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. குழாய்க்காரருக்கு வந்த ஞானம் எஞ்சினைத் தொடுகிறவருக்கு இன்னும் வந்து சேரவில்லை. நான் விட்ட இடத்தில் டார்க் ரென்ச் இல்லாமலும் இல்லை. வரவேற்பறைக்குப் பக்கத்துச் சுவரில், கண்ணாடிப் பெட்டிக்குள், தூசி படியாமல் பளபளவென்று தொங்குகிறது. தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக இருக்கும்.

என்னையும் விட்டுவைக்கப் போவதில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், நானே வேலை பார்க்கிறேன் பேர்வழி என்று முதன்முதலில் ஸ்பேனர் எடுத்தபோது, வால்வு மூடியில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போடும் போல்ட்டை, ‘எதற்கும் இன்னும் ஒரு கால் சுற்று’ என்று முறுக்கி, தலை தனியாகவும் உடல் உள்ளேயுமாக முறித்திருக்கிறேன். ஆறு மில்லிமீட்டர் தடிமன் உள்ள போல்ட் அது. அதற்குப் பத்து நியூட்டன் மீட்டரே போதும். அந்தக் கணத்தை மறக்க முடியாது. இறுகிக்கொண்டே வரும் பிடி, திடீரென்று இளகும். பாராட்டு கிடைத்ததுபோல ஸ்பேனர் சுலபமாகச் சுழலும். அடுத்த நொடி தலை கையோடு வந்துவிடும். ஆனால் நான் முறித்தது என் வண்டியில், என் காசில். அதற்குப் பசை தடவி மறைத்து யாரிடமும் பில் நீட்டவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமை பாழாகத்தான் போகிறது, பிரேக் ஆயிலையாவது மாற்றலாம் என்று ஹேண்டில்பாரில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியின் மூடியைத் திறக்கப் போனேன். இரண்டே இரண்டு குட்டி ஸ்க்ரூ. அவற்றின் தலையில் இருக்க வேண்டிய கூட்டல் குறி, கூட்டல் குறியாக இல்லை. எலி கடித்த வட்டமாக இருந்தது. அந்த மூடிக்குக் கீழே ரப்பர் சவ்வு இருக்கிறது. மூடி அதன்மேல் உட்கார்ந்தால் போதும், விரல் நுனிப் பலம் தாராளம். அதையும் வரிந்துகட்டி முறுக்கியிருக்கிறார்கள். இதில் இன்னொரு கொடுமை உண்டு. ஜப்பானிய வடிவமைப்பைப் பின்பற்றி வந்த வண்டிகளில் பார்க்கும் கூட்டல் தலை ஸ்க்ரூக்கள் பலவும் ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தர அளவுப்படி செய்தவை. தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் ஜேஐஎஸ். நாம் கடையில் ‘ஸ்டார் திருப்புளி’ என்று கேட்டு வாங்குவது பிலிப்ஸ். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் பிலிப்ஸ் முனை அந்தப் பள்ளத்தில் முழுதாக இறங்காது, பலம் கொடுத்ததும் எகிறிக்கொண்டு மேலே ஏறி, தலையைச் செதுக்கிவிடும். முனை தேய்ந்துபோன பழைய திருப்புளி என்றால் கேட்கவே வேண்டாம். அந்த இரண்டு ஸ்க்ரூவையும் சின்ன உளியால் பக்கவாட்டில் தட்டித் தட்டி வெளியே எடுக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு தட்டுக்கும் பெயின்ட்டில் பிரேக் ஆயில் சிந்திவிடுமோ என்று வயிற்றைக் கலக்கியது. அது பட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

“இதுக்குத்தான் சொன்னேன், கடையிலயே விட்டிருக்கலாம்ல?” என்றாள் மனைவி. கடையில் விட்டதால்தானம்மா இந்தக் கதி என்று விளக்குவதற்குள் அவள் இட்லிப் பாத்திரத்தைக் கழுவ எடுத்துப் போய்விட்டாள்.

கார் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் இருக்கிறது. பஞ்சர் கடையில் காற்றழுத்தத் துப்பாக்கியால் ‘டர்ர்ர்’ என்று சக்கர நட்டுகளை முறுக்குகிறார்களே, அந்தச் சத்தத்தை நிம்மதியாகக் கேட்டுக்கொண்டு நிற்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். என் காரின் நட்டுக்குக் கையேட்டில் போட்டிருப்பது 85 நியூட்டன் மீட்டர். உளுந்தூர்பேட்டை தாண்டி ஓர் இரவு பதினொரு மணிக்கு டயர் பஞ்சரானபோது, காரோடு வந்த ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் ஏறி நின்று, குதித்தும் பார்த்தேன். ஒரு நட்டும் அசையவில்லை. உள்ளே அமர்ந்திருந்த மாமனார் கண்ணாடியை இறக்கி, “மாப்பிள்ளை, எந்தப் பக்கம் திருப்புறீங்க?” என்று கேட்டார். கடைசியில் ஒரு லாரி ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, ஆளுயர இரும்புக் குழாயை மாட்டி, ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்தார். “எல்லாப் பயலும் துப்பாக்கிய வெச்சு அடிச்சு விட்டுர்றானுங்க சார், ராத்திரி நடுரோட்டுல கழட்டப்போறது அவனுங்க இல்லையே” என்றார். இதைவிடத் தெளிவாக நான் எழுதிவிட முடியாது.

திங்கட்கிழமை விடுப்பு போட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பெரியவர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஓட்டையை டார்ச் அடித்துப் பார்த்தார். “மரை சுத்தமா கழண்டிருக்கு தம்பி. வண்டிக்குத்தான் சொல்றேன்,” என்று தானே சொல்லித் தானே சிரித்தார். பெரிய போல்ட்டாகப் போட்டு அனுப்பலாம், ஆனால் அடுத்த முறை அதையும் எவனாவது பிய்ப்பான், ஹெலிகாயில்தான் சரி என்றார். பழைய ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதற்குள் துருப்பிடிக்காத எஃகுச் சுருள் ஒன்றைத் திருகி இறக்குவது. பிறகு போல்ட் பிடிப்பது அலுமினியத்தை அல்ல, அந்த எஃகை. அந்த அளவுச் சுருள் கையிருப்பில் இல்லாததால் புதன்கிழமை வரச் சொன்னார்.

புதன்கிழமை அவர் வேலை செய்ததை நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். மரை வெட்டும் கருவியின் பள்ளங்களில் கிரீஸ் அப்பி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று வெட்டி, வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி கிரீஸ் அப்பி. துகள் ஒன்றுகூட எஞ்சினுக்குள் தங்கிவிடக் கூடாதென்று கொஞ்சம் ஆயிலை மேலே ஊற்றிக் கீழே வடியவிட்டு அலசினார். கடைசியில் போல்ட்டை ஸ்பேனர் இல்லாமல், இரண்டு விரலால், ஆறு சுற்று உள்ளே அனுப்பிக் காட்டினார். “விரல்ல போகலேன்னா அங்கயே நிறுத்திடணும். கோணலா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்.” பிறகு ரிங் ஸ்பேனரை நடுவில் பிடித்து, ஒரு சின்ன இழுப்பு. அவ்வளவுதான். எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். மரையைப் பிய்த்த இடத்தில் ‘எஞ்சின் பராமரிப்பு’ என்ற பெயரில் அதைவிட அதிகம் வாங்கியிருந்தார்கள்.

அதன்பின் சொந்தமாக ஒரு டார்க் ரென்ச் வாங்கினேன். வேண்டிய அளவை வைத்துக்கொண்டு முறுக்கினால், அந்த அளவு வந்ததும் ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்கும் ரகம். நேற்றுப் பின் சக்கரத்தில் ஆணி ஏறிவிட்டது. பஞ்சர் கடைக்குப் போகும்போது அதையும் பையில் எடுத்துப் போனேன். பையன் ட்யூபை ஒட்டி, சக்கரத்தை மாட்டி, நட்டைப் பூட்ட வந்ததும், “தம்பி, இதுல முறுக்குங்க, க்ளிக்னு சத்தம் வந்ததும் நிறுத்திடுங்க,” என்று அளவை வைத்துக் கொடுத்தேன். ஆர்வமாக வாங்கிப் புரட்டிப் பார்த்தான். “சூப்பரா இருக்கு சார், எவ்ளோ ஆச்சு?” என்றான். முறுக்கினான். க்ளிக் கேட்டது. எனக்கு மனம் நிறைந்தது. என் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்தபடியே, அதே ரென்ச்சால், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அரைச் சுற்றுப் போட்டான்.

“சேஃப்டிக்கு சார்.”