பிடிச்சுக்கோன்னு வந்து நின்னாலும் பிடிக்க மாட்டாங்களாம்

போலீஸ் தேடுற ஆள் தானா வந்து என்னப் பிடிச்சுக்கோங்கன்னு நின்னா எந்த ஊர்லயாவது தொரத்தி விடுவாங்களா? 1989-ல பெய்ஜிங் தியானன்மென் சதுக்கத்துல நடந்த மாணவர் போராட்டத்தோட தலைவர்கள்ல ஒருத்தர் உவர்கைஷி, சீன அரசு தேடுற ஆள். அவருக்கு அதான் நடந்துச்சு, ஒரு தடவை இல்ல, நாலு தடவை. 2009-ல சீனாவோட கட்டுப்பாட்டுல இருக்க மக்காவ்ல போய் இறங்கினாரு, உள்ளயே விடாம தைவானுக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த வருஷம் ஜூன் 4, அதாவது அந்தப் போராட்டத்த ராணுவம் சுட்டு அடக்குன நாள் அன்னைக்கு டோக்கியோல சீனத் தூதரகத்துக்குள்ள புகப் பாத்தாரு, பிடிச்சது ஜப்பான் போலீஸ். 2012-ல வாஷிங்டன், 2013-ல ஹாங்காங், எங்கயும் சீனா அவர வாங்கிக்கல.

எதுக்கு இந்த அலைச்சல்னா அப்பா அம்மாவப் பாக்கத்தான். ஜெயிலுக்குள்ள இருந்தாச்சும் பாத்துடலாம்னு! அவங்களுக்கு பாஸ்போர்ட் தரல, இவர உள்ள விடல.

1989-ல அவருக்கு 21 வயசு, பெய்ஜிங்ல படிச்ச, உய்குர்ங்கிற சிறுபான்மை இனத்துப் பையன். உண்ணாவிரதத்துல ஒடம்பு முடியாம ஆஸ்பத்திரில கெடந்தவர் அந்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸோடயே மே 18 அன்னைக்குப் பிரதமர் லி பெங் எதிர்ல போய் உக்காந்து, அவர் பேச ஆரம்பிச்சதுமே குறுக்க புகுந்து நிறுத்துனாரு, அத நாடே டிவில பாத்துச்சு. எனக்கு இப்பவும் அந்தக் காட்சியப் பாத்தா ஒடம்பு சிலிர்க்கும். ரெண்டே நாள்ல ராணுவச் சட்டம், அப்புறம் ஜூன் 4. தேடப்படுற 21 மாணவர் லிஸ்ட்ல வாங் டான் முதல் பேரு, இவர் ரெண்டாவது. ஹாங்காங் வழியா தப்பி ஃபிரான்ஸ், அமெரிக்கா, கடைசியா தைவான்.

பசங்கள சாக விட்டுட்டு தலைவருங்க ஓடிட்டாங்கன்னு ஒரு பேச்சு இன்னும் இருக்கு, அதக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். சரி, வாங் டான் பிடிபட்டு ஜெயில்ல இருந்தாரே, 1998-ல மருத்துவக் காரணம்னு சொல்லி அவரையும் அமெரிக்காவுக்குத்தான ஏத்தி விட்டாங்க? அதே போராட்டத்துல நின்னு, நாட்டுலயே இருந்த எழுத்தாளர் லியு சியாவோபோ 2017-ல காவல்ல இருக்கும்போதே செத்துப் போனாரு. எந்தப் பக்கம் போயிருந்தா இப்படிப் பேசுறவங்களுக்குத் திருப்தி?

உவர்கைஷிய சீனா ஏன் கைது பண்ணலன்னா, என் புரிதல் இதுதான்: பிடிச்சா கேஸ் நடத்தணும், கேஸ்னா ஜூன் 4 பத்தி கோர்ட்ல பேசணும், நாட்டுக்குள்ள அந்தத் தேதியையே யாரும் வாயத் தொறந்து சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்கவங்க அதுக்கு எப்படி ஒத்துப்பாங்க? வெளியவே நிக்க வச்சா செலவே இல்லாத தண்டனை.

அவர் மேல குற்றம் இருக்குன்னா அவர்மேல போடுங்க. பெத்தவங்க என்னய்யா பண்ணாங்க?