அளந்தவர்கள் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும்

பல வருஷத்துக்கு முன்னால், வெளிநாட்டு நிதியில் நடந்த ஒரு குடிநீர், கழிப்பறை, ஊட்டச்சத்துத் திட்டத்தை மதிப்பீடு செய்ய வீடு வீடாகப் போன குழுவில் நானும் இருந்தேன். விழுப்புரம் பக்கம் ஒரு ஊர். வீட்டில் கழிப்பறை உள்ளதா என்பது படிவத்தில் ஒரு கேள்வி. இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே வேலிக்காத்தான் விறகு, இரண்டு உர மூட்டை, பீங்கான் மேல் ஒரு பழைய தகரம். 'ஆம்' என்று டிக் அடித்தேன். அதற்கு மேல் எழுதப் படிவத்தில் இடமில்லை.

அந்த அக்காவே சொன்னார்: "குழி ரொம்பிட்டா யாரு தம்பி அள்ளுவா? தண்ணியும் குடம் குடமா தூக்கணும். கொல்லைக்கே போயிட்டு வந்துடறோம்." இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு குழி நிரம்பினால் அடுத்ததுக்கு மாற்றிவிட்டு, முதல் குழியை ஒரு வருஷத்துக்கு மேல் மூடி வைத்தால் மக்கி எருவாகிவிடும். கட்டிக் கொடுத்தவர்கள் அவரிடம் இதைச் சொல்லவில்லை. எண்ணப் போன நாங்களும் சொல்லவில்லை.

ஒடிசாவில் பூரி மாவட்டத்தின் 100 கிராமங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. திட்டம் நடந்த ஊர்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக ஏறியிருந்தன. ஆனால் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை, குடற்புழுவும் குறையவில்லை. கழிப்பறையை மட்டும் எண்ணியிருந்தால் அது வெற்றித் திட்டம் என்றே பதிவாகியிருக்கும்.

அப்புறம் ஜிம்பாப்வேயில் நடந்த ஆய்வு. ஷுருக்வி, சிருமான்சு என்ற இரண்டு கிராமப்புற மாவட்டங்கள். சில வீடுகளுக்குக் கழிப்பறை, கை கழுவும் வசதி, குளோரின், குழந்தை மண்ணைத் தின்னாமல் விளையாட ஒரு தடுப்புப் பாய். சில வீடுகளுக்கு ஆறு மாதத்திலிருந்து தினமும் 20 கிராம் சத்துப் பசையும், எப்படி ஊட்டுவது என்ற ஆலோசனையும். சில வீடுகளுக்கு இரண்டும். 18 மாத வயதில் அளந்தார்கள். சத்துப் பசை பெறாதவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் 35 சதவீதம், பெற்றவர்களில் 27 சதவீதம். கழிப்பறையும் குளோரினும் உயரத்தை அசைக்கவில்லை. வங்கதேசத்திலும் கென்யாவிலும் நடந்த இதே மாதிரி ஆய்வுகளிலும் உயரத்தைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட இதே கதைதான். வங்கதேசத்தில் வயிற்றுப்போக்காவது குறைந்தது. கென்யாவில் அதுவும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு, கழிப்பறைக்குப் பணம் போடுவது வீண் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மண் தரை, வாசலில் கோழி எச்சம், பக்கத்திலேயே மாட்டுக் கொட்டகை. இதற்கு நடுவில் ஒரு குழியும் ஒரு குளோரின் பாட்டிலும் போதவில்லை என்பதுதான் அந்த ஆய்வுகள் சொல்வது. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர், சிமென்ட் தரை என்று இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும் என்றே நான் புரிந்துகொள்கிறேன். இருட்டிய பிறகுதான் வெளியே போக முடியும் என்று பகலெல்லாம் அடக்கிக்கொண்டு இருக்கும் பெண்களின் கஷ்டத்தை எந்த உயரப் பலகையில் அளப்பது?

சரி, பலகை என்றதும் ஞாபகம் வருகிறது. அதே அக்காவின் பையனைப் பலகையில் படுக்க வைத்து, காலை நீட்டிப் பிடித்து அளந்தோம். வீறிட்டு அழுதான். அவர் முட்டியைத் தடவிக் கொடுத்துக்கொண்டே, "எம்புள்ள வயசுக்கேத்த மாதிரி இருக்கானா தம்பி?" என்று கேட்டார். நான் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அறிக்கை ஆங்கிலத்தில் தயாராகி, பணம் கொடுத்தவர்களுக்குப் போனது. ஊருக்கு ஒரு வரிகூடப் போகவில்லை. இது அநியாயம்.

இதை வேறு மாதிரிச் செய்த அனுபவம் நம் ஊரிலேயே உண்டு. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியுடன் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் குறித்து, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தாய்க்குக் காட்டினார்கள். எடை சரியாகக் கூடாத குழந்தைக்குச் சத்து லட்டு. தேறியதும் லட்டு நிறுத்தம். அளந்த எண் அங்கேயே, அந்தக் குழந்தைக்கே பயன்பட்டது.

இப்போது மதிப்பீட்டு வேலையில் இருக்கும் தம்பி, தங்கைகளைக் கேட்டுக்கொள்கிறேன். அளந்த அன்றைக்கே தாயிடம் எண்ணைச் சொல்லுங்கள். பிள்ளை மெலிந்திருந்தால் பால்வாடிக்கும் சொல்லிவிட்டு வாருங்கள். பட்ஜெட் போடும்போதே, அறிக்கை முடிந்தபின் ஊருக்குத் திரும்பிப் போகும் செலவையும் எழுதுங்கள். தமிழில் இரண்டு பக்கம், கிராம சபையில் வாசிக்க ஒரு மணி நேரம். எது பலிக்கவில்லை என்பதை முதல் பக்கத்திலேயே போடுங்கள்.