அபின் வயலை அழிப்பதற்கு முன்னால்

ஆப்கானிஸ்தானில் அபின் சாகுபடி 95 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2023இல் ஐ.நா. அறிவித்தபோது பலர் பாராட்டினார்கள். எனக்கு மனம் வரவில்லை. 2,33,000 ஹெக்டேர் 10,800 ஆகச் சுருங்கியது உண்மைதான். ஆனால் அபின் விற்று விவசாயிகளுக்குக் கிடைத்த பணம் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடிக்கு விழுந்ததும் அதே அறிக்கையில் இருக்கிறது. தாலிபான் தடை போட்டது. குடும்பங்கள் எதை வைத்துப் பிழைக்கும் என்று கேட்க ஆளில்லை.

மலையில் அபின் பயிரிடுபவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசுவது அநியாயம். மாலையில் காயைக் கீறிவிட்டு, இரவில் வடிந்து கெட்டியான பாலைக் காலையில் வழித்தெடுக்கிறார்கள். கட்டிவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. முதுகில் சுமந்தே மலையிறங்கிவிடலாம். வியாபாரி வீடு தேடி வருகிறான், முன்பணமும் தருகிறான். சாலையில்லாத ஊரில் முட்டைக்கோஸ் போட்டால் சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். அரிவாளோடு வயலில் இறங்கும் அதிகாரி இதையெல்லாம் யோசித்திருப்பாரா?

தாய்லாந்து யோசித்தது. 1950களின் இறுதியிலேயே அங்கே அபினுக்குத் தடை வந்துவிட்டது. வடக்கு மலைகளில் ஹ்மாங், அகா, லாஹு மக்கள் பயிரிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 1969இல் மன்னர் பூமிபால் தொடங்கிய திட்டம் பீச், காப்பி, காய்கறி என்று மாற்றுப் பயிர்களைக் கொண்டுபோனது. வயல்களைப் பெரிய அளவில் அழிக்கத் தொடங்கியது 1980களின் நடுவில்தான். இந்த வரிசைதான் முக்கியம் என்பேன்.

மன்னரின் தாயார் 1988இல், தொண்ணூறை நெருங்கிய வயதில், தொய் துங் மலையில் தொடங்கிய வேலை இன்னும் தெளிவானது. காப்பிச் செடி காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா? காடு வளர்க்கும் வேலைக்கு ஊர்க்காரர்களையே கூலிக்கு அமர்த்தினார்கள். பிறகு காப்பியையும் மக்கடேமியா என்ற கொட்டையையும் அங்கேயே பதப்படுத்தி, சொந்தப் பெயரில் விற்றார்கள்.

இதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன. தேர்தல் முடிவதற்குள் பலன் கேட்கிறவர்களுக்கு இந்த வழி சரிப்படாது. எல்லைக்கு அப்பால் மியான்மரில் சாகுபடி ஓயவில்லை என்பதும் மெய். 2023இல் உலகிலேயே அதிகம் அபின் விளைவித்த நாடு அதுதான். அங்கேயும் ஷான் மலைகளில் ஐ.நா. உதவியோடு காப்பிக்கு மாறி, கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பிரான்சுக்கு ஏற்றுமதி செய்த விவசாயிகள் இருக்கிறார்கள். 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அவர்களைச் சுற்றிலும் போர். போதை ஒழிப்புக்குப் பணம் ஒதுக்கும் நாடுகள் முதலில் இவர்களுடைய காப்பியை நல்ல விலைக்கு, ஆண்டு தவறாமல் வாங்கட்டும்.