மார்பகப் புற்று ஃபைலைப் பீரோவில் பூட்டுவதால் யாருக்கு லாபம்?

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வீட்டில் மார்பகப் புற்று வந்துவிட்டால், ரிப்போர்ட் ஃபைல் முதலில் பீரோவுக்குள் போகும். பங்காளிகளுக்குத் தெரியக்கூடாது, சம்பந்தம் பேசும் இடத்துக்குத் தெரியவே கூடாது. "கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போயிருக்காக" என்று சொல்லிவிடுவார்கள். டாக்டர் மரபணுப் பரிசோதனை வேறு எடுக்கச் சொன்னால், "பிள்ளைக்குக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாப்போம்."

காரைக்குடியில் உறவுக்கார ஆச்சி ஒருவர் துணிந்து எடுத்துவிட்டார். (அவரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார்.) பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் பிறவியிலேயே பழுது இருப்பதாக வந்திருக்கிறது. அந்த வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "பாசிட்டிவ்னு போட்டிருக்கே, அப்ப நாளை எண்ண வேண்டியதுதானா?"

இல்லை ஆச்சி. நோய் வருமா என்பது வேறு, வந்தபின் என்ன ஆகும் என்பது வேறு. பிஆர்சிஏ1 பழுதோடு பிறந்த நூறு பெண்களில் ஏறக்குறைய 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரலாம், அது உண்மை. ஆனால் 40 வயதுக்குள் நோய் வந்த பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. பழுது உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பும் உயிர்வாழ்ந்த அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதோடு, இந்தப் பழுது உள்ளவர்களுக்கு ஓலாபரிப் என்ற மாத்திரை கைகொடுக்கிறது. ஆரம்ப நிலையில், திரும்ப வரும் அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு வருடம் கொடுத்தால் அந்த அபாயம் குறைகிறது என்று 2021இல் காட்டினார்கள். ரிப்போர்ட்டைப் பூட்டி வைத்தால் இந்த மருந்தைப் பற்றி யார் யோசிப்பது?

இன்னொரு குழப்பமும் உண்டு. ஹெர்2 பாசிட்டிவ் (கட்டியில் ஹெர்2 என்ற புரதம் அதிகம்) என்று வந்தாலும் 'பரம்பரை' என்று பயந்து மறைக்கிறார்கள். அது கட்டிக்குள் நடந்த மாற்றம், மகளுக்குப் போகாது. ஒரு காலத்தில் டாக்டர்களே பயந்த வகைதான் அது. 1998இல் டிராஸ்டுசுமாப் ஊசி வந்தபின் கதை மாறிவிட்டது. 21 மரபணுக்களைப் பார்க்கும் சோதனையும் கட்டியில்தான் செய்கிறார்கள். ஹார்மோனால் வளரும் வகைக் கட்டி உள்ள பலருக்குக் கீமோவே தேவையில்லை என்று அது சொல்லிவிடும். விலைதான் நம்மவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

கல்யாணக் கவலையை நான் லேசாகப் பேசவில்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். சில ரிப்போர்ட்டில் 'அர்த்தம் தெளிவாகாத மாற்றம்' என்று வரும். நம் ஊர் ஆட்களின் தரவு குறைவு என்பதால் நமக்கு அது கூடுதலாகவே வருகிறது. அதை நம்பி மார்பை எடுக்கக் கூடாது. அதனால் டெஸ்டுக்கு முன்பே மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

ஆனால் அங்கே போய் என்ன சொல்வோம்? எந்தக் கோயில், எந்தப் பிரிவு, எத்தனை புள்ளி (குடும்பக் கணக்கு) எல்லாம் நமக்கு மனப்பாடம். நம் வளவில் (வீட்டில்) வாழ்ந்த அத்தை எதனால் இறந்தார் என்றால், "ஏதோ கட்டி வந்து போயிட்டாக." டாக்டர் கேட்டால் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டுக் கதையை மட்டும் சொல்கிறோம். அப்பத்தா, அத்தைமார் பேச்சே வராது. பழுது அப்பா வழியிலும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்பில் வரும்.

அந்த ஆச்சி மகளைப் பற்றியேதான் திரும்பத் திரும்பக் கேட்டார். மகனும் இருக்கிறானே என்றேன். "ஆம்பளப் பிள்ளைக்கு என்ன?" என்றார். அவனுக்கும் பழுது இருக்கலாம், இருந்தால் நாளை அவன் மகளுக்கும் போகலாம். அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது இருவரையும் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன்.