கத்தி இல்லாத கண்மடல் வைத்தியமும், திருகோணமலைக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட ஆறு மணித்தியாலமும்

"கத்தி இல்லை, தையல் இல்லை, அரை மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போகலாம்." கண்மடலை அழகாக்கும் விளம்பரங்கள் எல்லாம் இந்த மூன்றையும்தான் சொல்கின்றன. மூன்றும் பெரும்பாலும் உண்மை. சொல்லாமல் விடுவது நாலாவது: ஊசியோ சூடோ பிழைத்தால் அதைச் சரிப்படுத்தும் ஆளும் மருந்தும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பது. கொழும்பில் இருக்கிறவர்களுக்கு அது ஓட்டோவில் போகிற தூரம். திருகோணமலைப் பக்கம், உவர்மலையிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் இருக்கிற எங்களுக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கொழும்பிலோ சென்னையிலோ இருந்து ஒருவர் காணொளியில் சொல்லும் அறிவுரை அங்கே சரியாக இருக்கலாம். இங்கே எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதை அந்தத் தூரத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதற்கு முதல் கண்ணாடி. "கண் தொங்குது" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு வேறு பிரச்சினைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்குரிய வைத்தியம் மற்றதைக் கூட்டிவிடும். பகல் வெளிச்சத்தில் ஜன்னலுக்கு நேரே இருந்து, நெற்றியைத் தளரவிட்டுப் பாருங்கள். புருவத்தை விரலால் உயர்த்தியதும் பாரம் போய்விட்டால் தொங்குவது புருவம். பஞ்சுக்குச்சியால் மடிந்து விழுந்த தோலை மட்டும் மெல்லத் தூக்கினால் இமை விளிம்பு தன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறதென்றால், மிஞ்சியிருப்பது தோல். தோலைத் தூக்கிய பிறகும் விளிம்பே கருமணிக்கு மேல் இறங்கி நிற்கிறதா? அது இமையைத் தூக்கும் தசையின் குறை. நேரே பார்க்கும்போது கண்மணியில் ரோச் வெளிச்சம் தெறிக்கும் புள்ளிக்கும் மேல் இமை விளிம்புக்கும் நடுவில் 4 முதல் 5 மில்லிமீற்றர் இருப்பது இயல்பு. 2 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ என்றால் போகவேண்டிய இடம் கண் கிளினிக். பியூட்டி பார்லர் இல்லை.

திடீரென்று ஒரு பக்க இமை விழுந்து, அந்தக் கண்ணின் பாவை மற்றதைவிட விரிந்திருந்தாலோ, பொருட்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கடும் தலையிடி சேர்ந்து வந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் புடைத்து நரம்பை அழுத்தினாலும் இப்படித்தான் தொடங்கும். காலையில் நன்றாக இருந்து பின்னேரம் விழுகிற இமை மயஸ்தீனியா என்ற தசைநோயாக இருக்கலாம். அவர்களுக்குத் தசையைத் தளர்த்தும் போட்டொக்ஸ் ஊசி ஏற்றினால் நோய் கூடும்.

கீழ் இமைக்கும் இதே போலச் சில சோதனைகள் உண்டு. மேலே பார்க்கும்போது இன்னும் அதிகமாகப் புடைத்தால் கொழுப்பு. நேர் முன்னாலிருந்து வெளிச்சம் அடித்ததும் மறைந்தால் அது குழியின் நிழல். எந்த வெளிச்சத்திலும் மறையாத மண்ணிறம் தோலின் நிறம். இதற்குக் குழியை நிரப்பும் ஃபில்லர் ஊசி எத்தனை சிறிஞ்ச் போட்டாலும் ஒன்றும் ஆகாது. விடிய எழும்பும்போது இரண்டு கண்ணும் ஊதியிருந்தால் சிறுநீரையும் தைரொயிட்டையும் சோதியுங்கள். மூக்குப் பக்க இமையில் மஞ்சள் தட்டு வந்திருந்தால் கொலஸ்ரரோலைப் பாருங்கள். உள்ளி அரைத்துப் பூசாதீர்கள், தோல் வெந்துபோகும்.

சரி, போட்டொக்ஸ். இது அழகுக்கென்று வந்த மருந்தில்லை. மாறுகண்ணுக்கும், கட்டுப்பாடில்லாமல் இறுகி மூடும் இமைக்கும் 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புருவ நடுக் கோடுகளுக்கு 2002இல், கண்ணோரச் சுருக்கத்துக்கு 2013இல்தான். 100 யூனிட் போத்தலை 2.5 மில்லிலீற்றர் சேலைன் விட்டுக் கரைத்தால் 0.1 மில்லிலீற்றரில் 4 யூனிட் இருக்கும். கண்ணோரத்துக்கு ஒரு பக்கம் 3 புள்ளி, புள்ளிக்கு 4 யூனிட், இரண்டு பக்கமும் சேர்த்து 24. புருவ நடுவுக்கு 5 புள்ளி, 20 யூனிட். "ஒரு சிறிஞ்ச் இவ்வளவு" என்று விலை சொல்கிறவரிடம் அதில் எத்தனை யூனிட் என்று கேளுங்கள். டிஸ்போர்ட் என்ற இன்னொரு பிராண்டின் யூனிட் கணக்கு வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கதைக்கிறவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள். பலன் 3, 4 நாளில் தொடங்கி இரண்டு கிழமையில் முழுதாகத் தெரியும், 3 முதல் 4 மாதம் நிற்கும். மிஞ்சிய தோலையோ கொழுப்புப் பையையோ இது குறைக்காது.

பிழைப்பது இரண்டு விதம். ஒன்று, புருவ நடுவில் போட்ட மருந்து கீழே ஊறி இமையைத் தூக்கும் தசையைப் பிடிப்பது. அதனால்தான் அந்தப் பகுதியில் வெளிப்பக்க ஊசியைக் கண்குழி எலும்பு விளிம்புக்குக் குறைந்தது 1 சென்ரிமீற்றர் மேலே போடவேண்டும். இமை ஊசி போட்ட அன்றைக்கு விழாது. சில நாள் கழித்து, ஊசி போட்டவர் ஊருக்குத் திரும்பின பிறகு விழும். அப்ராக்ளோனிடின் 0.5 வீதச் சொட்டு மருந்து இமைக்குள் இருக்கும் இன்னொரு சிறு தசையை இழுத்து 1, 2 மில்லிமீற்றர் உயர்த்தித் தரும். மிச்சத்துக்குக் காத்திருக்கத்தான் வேண்டும், சில கிழமைகள்.

மற்றது இன்னும் அடிக்கடி நடப்பது, பலருக்கு விளங்காதது. இமைத்தோல் பாரமான நடுவயதுக்காரர்கள் தங்களை அறியாமலே நெற்றியால் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நாள் முழுக்கப் பார்க்கிறார்கள். நெற்றிச் சுருக்கம் அந்த உழைப்பின் அடையாளம். சுருக்கத்தைப் போக்க நெற்றியில் போட்டொக்ஸ் போட்டால் தூக்கிப் பிடித்த கயிறு அறுந்த மாதிரி புருவமும் தோலும் கண்ணுக்கு மேல் வந்து குந்திவிடும். ஊசி சரியான இடத்தில், சரியான அளவில்தான் போட்டிருப்பார்கள். ஆளைப் பார்த்ததுதான் பிழை.

பொடியாக இருக்கும்போது போத்தல் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டும், கரைத்தால் 24 மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து யாரோ கைப்பையில் கொண்டுவந்து, எங்கள் வெயிலில் பஸ் ஏறி வந்த போத்தல் எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். போலியும் உண்டு. 2024இல் அமெரிக்காவில் போலி அல்லது முறைகேடாகக் கையாண்ட ஊசிகளால் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. மங்கலான பார்வை, விழுந்த இமை, விழுங்கக் கஷ்டம், மூச்சுக் கஷ்டம். கண்காணிப்பு அவ்வளவு இருக்கிற நாட்டிலேயே அந்த நிலை.

கலியாணத்துக்காகச் செய்கிறவர்களுக்கு ஒன்று. ஆவணியில் முகூர்த்தம் என்றால் ஆனிக்குள் முடித்துவிடுங்கள். கலியாணத்துக்கு முந்தின கிழமையில் போட்டு இமை விழுந்தால் தாலி கட்டும் படத்தில் எல்லாம் அரைக்கண்தான்.

இனி ஃபில்லர். கீழ் இமைக் குழிக்குப் போடும் ஹையலூரோனிக் அமில ஜெல். ஒரு பக்கத்துக்கு 0.2 முதல் 0.5 மில்லிலீற்றர், எலும்பை ஒட்டி ஆழமாக, மெதுவாக. இமைத்தோல் அரை மில்லிமீற்றர் தடிப்புக்கூட வராது, உடம்பிலேயே மெல்லிய தோல் இதுதான். ஜெல்லை மேலாகப் போட்டால் தோலுக்குள்ளால் நீலச் சாம்பல் நிறமாகத் தெரியும். கருவளையம் போக்கப் போய் நீலவளையம் வாங்கின கதை. இந்த ஜெல் தண்ணீரை இழுக்கும், ஆகவே ஏற்கெனவே விடிய ஊதுகிற கண்களுக்கு இது கூடாது. "ஒரு வருசத்தில் தானாகக் கரையும்" என்பதையும் நம்பாதீர்கள். கண்ணுக்குக் கீழே பல வருடம் கழித்தும் ஜெல் அப்படியே கிடப்பதை ஸ்கானில் கண்டிருக்கிறார்கள்.

இவை எல்லாம் சகிக்கக்கூடியவை. சகிக்க முடியாதது பார்வை இழப்பு. அரிது, ஆனால் நடக்கிறது. நெற்றி, புருவ நடு, மூக்கு, உள்கண்ணோரம் ஆகிய இடங்களின் சிறு நாடிகள் கண்ணுக்குப் போகும் நாடியோடு தொடுப்பு உள்ளவை. ஊசிமுனை நாடிக்குள் இருக்க, சிறிஞ்சை அழுத்தினால் ஜெல் இரத்த ஓட்டத்துக்கு எதிராகப் பின்னால் தள்ளப்படும். கையை எடுத்ததும் ஓட்டம் அதை முன்னுக்கு அடித்துக்கொண்டுபோய் விழித்திரையின் நாடியில் அடைக்கும். விழித்திரை இரத்தம் இல்லாமல் தாங்குவது ஒன்றரை மணித்தியாலம் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அதைவிடக் குறைவு என்று சொல்கிறவர்களும் உண்டு. கொழும்புக்கு ஆறு மணித்தியாலம் என்று தலைப்பில் எழுதியதன் காரணம் இதுதான்.

தோலுக்குப் போகும் நாடி அடைபட்டால் நேரம் கொஞ்சம் கூட இருக்கிறது. ஊசி போட்ட இடம் வெளிறும், அளவுக்கு மிஞ்சி நோகும், பிறகு வலைபோல நீலம் பாயும், சில நாளில் சீழ்க்கொப்புளம். விரலால் அழுத்திவிட்டால் சிவப்புத் திரும்ப 3 செக்கனுக்கு மேல் எடுக்கும். இதற்கு மருந்து ஹையலூரொனிடேஸ், ஜெல்லைக் கரைக்கும் நொதி. கண்புரை சத்திரசிகிச்சையில் விறைப்பு மருந்தோடு கலக்கிற அதே சாமான்தான். 1500 யூனிட் குப்பிகளாக வரும். அடைப்பு வந்தால் ஒரு குப்பியோடு முடியாமலும் போகலாம், மணித்தியாலத்துக்கு ஒருக்கா திரும்பத் திரும்பப் போட வேண்டிவரும். ஆகவே ஃபில்லர் போட முதல் கேட்கவேண்டிய கேள்வி விலையோ பிராண்டோ இல்லை: "ஹையலூரொனிடேஸ் இந்த அறையில், இப்போது, எத்தனை குப்பி இருக்கு? காட்டுங்கோ." காட்டாவிட்டால் எழும்பி வாருங்கள். இருந்தாலும்கூட, பார்வை போன பிறகு இந்த நொதி பார்வையைத் திருப்பித் தந்தது அரிது. அதனால் என் நிலைப்பாடு கொஞ்சம் கடுமை. கண் வைத்தியப் பிரிவோடு தொடர்பில்லாத இடத்தில், மாதம் ஒருக்கா வந்துபோகும் ஒருவரிடம், கண்ணைச் சுற்றி ஃபில்லர் போடவே வேண்டாம். கட்டாயம் வேண்டுமென்றால் அதை எல்லாம் கொண்ட நகரத்துக்குப் போய்ப் போட்டு, இரண்டு இரவு அங்கேயே தங்கி வாருங்கள்.

ஊசி ஏறும்போதோ ஏறி முடிந்ததுமோ ஒரு கண் இருண்டால், குத்துவலி வந்தால், இமை விழுந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு நேரே போங்கள். "கொஞ்சம் படுத்திருங்கோ, சரியாகும்" என்பதைக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டாம். போட்ட மருந்தின் பெட்டி, ஸ்ரிக்கர் இரண்டையும் கையோடு எடுத்துப்போங்கள்.

பிளாஸ்மா பேனை பற்றி நீளமாக எழுத ஒன்றும் இல்லை. மின்பொறியால் இமைத்தோலில் புள்ளி புள்ளியாகச் சுட்டுச் சுருக்குவது. இரண்டு மூன்று நாள் கண் வீங்கும், கருகின பொருக்கு ஒரு கிழமையில் விழும், கீழே வெள்ளைத் தோல்காரருக்கு இளஞ்சிவப்பு. எங்களுக்கு? தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பற்றிக் அளவீட்டில் தமிழர் பெரும்பாலும் 4 முதல் 6. சூடு பட்ட இடம் கறுக்கும், சில இடம் நிறமே இழந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே இதைப் பாவிக்காதீர்கள் என்று எச்சரித்திருக்கிறது. இணையத்தில் மலிவாக வருகிறது என்பதுதான் இது பார்லர்களுக்கு வந்த ஒரே காரணம். லேசருக்கும் கறுக்கும் ஆபத்து உண்டு, அதோடு கருவிழிக்கு மேல் உலோகக் கவசம் வைக்காமல் இமையில் லேசர் அடிக்க ஒருவரையும் விடாதீர்கள். ஒலி அலையால் இறுக்கும் ஹைஃபூவில் ஆபத்து வேறு மாதிரி: மெல்லிய இமையோடு ஒலி நிற்காது, உள்ளே போய்க் கண்வில்லையைச் சுடும். இதனால் கண்புரை வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். இவை எதற்கும் முதல் பூசும் விறைப்புக் கிறீம் காரத்தன்மை கூடியது. கண்ணுக்குள் வழிந்தால் கருவிழி வெந்துவிடும்.

ஊசிக்கும் சூட்டுக்கும் பயந்தவர்கள் போய் விழுகிற இடம் கிறீம். பெயர் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசமும் பலமான ஸ்ரீரொயிட்டும் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. இரண்டு கிழமையில் கருவளையம் மறைகிறதென்றால் சந்தோசப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். மாதக்கணக்கில் இமையில் பூசிய ஸ்ரீரொயிட் தோலை மேலும் மெல்லியதாக்கும், கண் அமுக்கத்தை ஏற்றி குளுக்கோமாவுக்கும் கண்புரைக்கும் வழிவிடும். குளுக்கோமா நோகாது, பக்கப் பார்வை போன பிறகுதான் தெரியவரும். இமைமயிர் வளரப் பூசும் பிமட்டோபுரொஸ்ட் இன்னொரு வேடிக்கை: மயிர் வளரும், ஆனால் இமைத்தோல் கறுக்கும், கொழுப்பு வற்றிக் கண் குழிவிழும். விட்டால் மயிர் பழையபடி ஆகும். கண்பாவையைச் சுற்றிய நிறம் மாறினால் அது திரும்பாது.

அப்போ என்னதான் செய்யலாம்? இங்கே இருந்தபடியே செய்யக்கூடியது சலிப்பான வேலைகள்தான். கண் கசக்குவதை நிறுத்துவது, அரிப்புக்கு ஒவ்வாமை மருந்து, இரும்புச்சத்துச் சோதனை, நிலாவெளி மணலில் நின்றாலும் சந்தைக்குப் போனாலும் கறுப்புக் கண்ணாடியும் எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத கிறீமும். இமைமடிப்பை ஒட்டிப் பிடிக்கும் ரேப் ஒரு நாள் விழாவுக்குப் போதும். ஒவ்வொரு நாளும் ஒட்டினால் பசை ஒவ்வாது, இழுத்து இழுத்தே தோல் தளரும். உண்மையிலேயே தோல் மிஞ்சிப் பார்வையை மறைத்தால், நீங்கள் பயப்படுகிற கத்திதான் அதற்கு ஒழுங்கான வைத்தியம், கணக்குப் பார்த்தால் மலிவும் அதுதான். இதைச் சொன்னால் நிறையப் பேருக்குப் பிடிப்பதில்லை.

எதைச் செய்தாலும் செய்பவரின் பெயரை இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் தேடுங்கள். மருந்து தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவானதா என்று கேளுங்கள். "மூன்றாம் நாள் இமை விழுந்தால் யார் பார்ப்பது, எந்த இலக்கத்துக்கு எடுப்பது?" என்பதற்கும் பதில் வாங்குங்கள். செய்வதற்கு முதல் நாள் படமும் எடுங்கள். அதே ஜன்னல், காலை அதே நேரம், ஃபிளாஷ் இல்லாமல், போன் கண் மட்டத்தில்: நேரே, மேலே பார்த்து, கீழே பார்த்து, கண்ணை மூடி, இரண்டு பக்கமும். விளம்பரப் படங்களில் முன்பு எடுத்ததில் வெளிச்சம் தலைக்கு மேலே இருக்கும், பின்பு எடுத்ததில் முகத்துக்கு நேரே இருக்கும், மோவாயும் கொஞ்சம் உயர்ந்திருக்கும். உங்கள் படத்தில் அந்த வித்தை இருக்காது. இரண்டு கிழமை கழித்து அதே ஆறையும் திரும்ப எடுத்து, பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.