குகை வாசலில் முளைத்த ஊர்

தீம் பார்க் கம்பெனி என்றதும் எல்லோருக்கும் டிஸ்னிதான் ஞாபகத்துக்கு வரும். என்னைக் கேட்டால், ஒரு குடும்பம் இந்தத் தொழிலை எவ்வளவு நன்றாக நடத்தலாம், எந்த இடத்தில் சறுக்கும் என்று தெரிந்துகொள்ள ஹெர்ஷண்ட் குடும்பத்தின் கதையைத்தான் படிக்கச் சொல்வேன். இத்தனை பெரிதாக வளர்ந்தும் பங்குச் சந்தைக்குப் போகாமல் இன்றும் அந்தக் குடும்பத்தின் கையிலேயே இருக்கும் அமெரிக்க நிறுவனம் அது. நம் பக்கம் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

மிசூரி மாநிலத்தின் ஓசார்க் மலைப்பகுதியில், பிரான்சன் என்ற ஊருக்குப் பக்கத்தில் மார்வெல் குகை இருக்கிறது. 1894 முதல் லிஞ்ச் குடும்பம் டிக்கெட் போட்டு அதைச் சுற்றிக் காட்டி வந்தது. சிகாகோ பக்கம் வேக்குவம் கிளீனர் விற்றுக்கொண்டிருந்த ஹியூகோ ஹெர்ஷண்ட், விடுமுறைக்கு வந்து போன அந்த மலை மேல் ஆசைப்பட்டு, 1950இல் லிஞ்ச் சகோதரிகளிடம் குகையை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். ஐந்தே வருடத்தில் இறந்தும் போனார். மனைவி மேரியும் மகன்கள் ஜாக், பீட்டரும் அப்போதே மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் தங்கிவிட்டார்கள். படி இறங்கிக் குகையைப் பார்த்தவர்கள் திரும்ப அத்தனை படியும் ஏற வேண்டாம் என்று, உள்ளிருந்து மேலே இழுத்து வர ஒரு கேபிள் ரயிலையும் போட்டார்கள்.

கூட்டம் கூடியது. குகைக்குள் ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்ற கணக்கு இருக்குமே. மீதிப் பேர் வெயிலில் நின்றார்கள். அந்த வாசலருகே 1880களில் மார்மரோஸ் என்று ஒரு சுரங்க ஊர் இருந்து அழிந்துபோன கதை மேரியின் காதுக்கு வந்தது. காத்திருப்பவர்கள் சுற்றிப் பார்க்க அந்த மாதிரி ஒரு சின்ன ஊரைக் கட்டினால் என்ன என்று தோன்றியது. 1960 மே 1 அன்று சில்வர் டாலர் சிட்டி திறந்தது. ஒரு கொல்லர் பட்டறை, ஒரு மளிகைக்கடை, ஐஸ்கிரீம் கடை, தெருவில் இரண்டு குடும்பங்கள் சண்டை போடுவதுபோல் ஒரு கூத்து என்று சின்னதாகத்தான் தொடக்கம்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அவர்கள் சில்லறை கொடுத்த விதம். மீதிக் காசை நிஜமான வெள்ளி டாலர்களாகவே கொடுத்தார்கள். வந்தவர்கள் போகிற வழியில் பெட்ரோல் போடும்போதோ ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டோ அதை நீட்டினால், "இது ஏது?" என்று கடைக்காரர் கேட்காமல் இருப்பாரா? கேட்டவுடன் கதை தொடங்கிவிடும். போஸ்டர் ஒட்டாமலே ஊர் ஊராகப் பேர் போயிற்று.

மேரி பிடிவாதக்காரி. கட்டடத்துக்காக மரத்தை வெட்டக் கூடாது என்று சண்டை போட்டவர். இன்றும் அந்தப் பார்க் நிழலாக இருப்பதற்கு அந்தப் பிடிவாதம் பெரிய காரணம். 1963இல் ஓசார்க் கைவினைஞர்களை அழைத்து ஒரு விழா நடத்தினார்கள். வந்து பார்த்தவர்கள் இரும்பு அடிக்கிறதையும் கூடை முடைகிறதையும் மணிக்கணக்காக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரோலர் கோஸ்டரை எந்த ஊரிலும் காசு கொடுத்து வாங்கி வைத்துவிடலாம். அந்த மண்ணின் வேலை தெரிந்த கையை அப்படி வாங்க முடியாது. இந்தக் குடும்பத்தின் வெற்றிக்கு அதுதான் அடித்தளம் என்பது என் திடமான கருத்து.

டென்னசியிலும் அதையே செய்தார்கள். 1976இல் பிஜன் ஃபோர்ஜில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு பார்க்கை வாங்கினார்கள். பத்து வருடம் கழித்து அதே வட்டாரத்தில் பிறந்த பாடகி டாலி பார்ட்டனைப் பங்காளியாகச் சேர்த்து டாலிவுட் என்று பெயர் மாற்றினார்கள். அங்கேயும் மாவரைக்கும் மில், இலவங்கப்பட்டை ரொட்டி, மலைப்பாட்டு என்று எல்லாம் அந்த ஊர்ச் சரக்கு. 2022இல் அங்கே வேலை பார்ப்பவர்கள் படிக்க விரும்பினால் முழுக் கட்டணமும் கம்பெனியே தரும் என்று அறிவித்தார்கள். சீசனுக்கு மட்டும் வருகிறவர்களுக்கும் சேர்த்து. இதற்காக அவர்களை மனதார மதிக்கிறேன்.

சறுக்கிய இடத்தையும் சொல்லியாக வேண்டும். பிரான்சனிலேயே 2003இல் தொடங்கிய செலிப்ரேஷன் சிட்டி என்ற இன்னொரு பார்க் 2008இல் மூடப்பட்டது. அது பணத்தோடு போயிற்று. ரைடு தி டக்ஸ் அப்படி இல்லை. தரையிலும் தண்ணீரிலும் ஓடும் இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ வண்டிகளைச் சுற்றுலாவுக்கு ஓட்டும் அந்த நிறுவனத்தை 2004இல் வாங்கினார்கள். 2015இல் சியாட்டிலில் அப்படி ஒரு வண்டியின் அச்சு முறிந்து ஐந்து பேர் இறந்தார்கள். ஓட்டியது வேறு உள்ளூர் நிறுவனம். ஆனால் வண்டியைப் புதுப்பித்துக் கொடுத்தது ஹெர்ஷண்டின் இந்தத் துணை நிறுவனம். அச்சில் கோளாறு இருப்பது அதற்கு முன்பே தெரியும். ஒரு எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பினார்கள், முறைப்படி எல்லா வண்டிகளையும் திரும்ப அழைக்கவில்லை. 2017 கடைசியில் பிரான்சனில் ஓட்டிவந்த இந்த வண்டிகளை வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 2018 ஜூலையில் பிரான்சன் பக்கத்து டேபிள் ராக் ஏரியில் புயலில் அவற்றில் ஒரு வண்டி மூழ்கி 17 பேர் இறந்தார்கள். அதில் ஒன்பது பேர் ஒரே குடும்பம். 1999இல் ஆர்கன்சாவில் இதே மாதிரி வண்டி ஒன்று மூழ்கி 13 பேர் பலியான பிறகே, ஆட்களை உள்ளே சிக்கவைக்கும் கூரையை எடுங்கள் என்று விசாரணை அமைப்பு எழுதியிருந்தது. ஹெர்ஷண்ட் கையில் இருந்த அத்தனை வருடமும் கூரை அப்படியே இருந்தது. விற்றுவிட்டோம் என்பது எனக்குப் போதுமான பதில் இல்லை.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. 2025இல் பேலஸ் என்டர்டெய்ன்மென்ட் என்ற பார்க் கம்பெனியின் அமெரிக்கப் பார்க்குகளை, இருபதுக்கும் மேல், ஒரேயடியாக வாங்கிவிட்டார்கள். 1846 முதல் நடக்கும் லேக் காம்பவுன்ஸ் அதில் ஒன்று. பிட்ஸ்பர்க் பக்கத்துக் கென்னிவுட் இன்னொன்று. 1920இல் கட்டிய மர ரோலர் கோஸ்டர் அங்கே இன்னமும் ஓடுகிறது. 2007இல் உள்ளூர்க் குடும்பங்களின் கையை விட்டுப்போன பார்க் மறுபடி ஒரு குடும்பத்திடம் வந்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் இவை ஹெர்ஷண்ட் கட்டியவை அல்ல, டக்ஸ் வண்டிகளைப் போலவே வாங்கியவை. அதனால் முதல் சில வருடங்கள் புது ரைடுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த மரக்கட்டைகளை வருடக்கணக்காகத் தட்டிப் பார்த்துப் பழகிய உள்ளூர் மெக்கானிக்குகளைச் சம்பளம் கூட்டிக் கொடுத்துத் தக்கவைக்கட்டும். அவர்கள் எழுதிக் கொடுக்கும் பழுதுப் பட்டியலுக்கு முதல் பணம் போகட்டும்.