எந்தக் காயிலோவர் போடலாம் என்று கேட்ட தம்பிக்கு

போன வாரம் புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு டயர் கடையில் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் குனிந்து, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இரண்டு விரலை விட்டு அளந்தார். "அண்ணா, டிராக்குக்கெல்லாம் போறீங்களாமே, இன்னும் ஏன் இவ்ளோ ஹைட்டா வெச்சிருக்கீங்க? நானும் போகலாம்னு இருக்கேன். எனக்கு ஒரு நல்ல காயிலோவர் சொல்லுங்களேன்" என்றார். காயிலோவர் என்பது ஸ்பிரிங்கும், அதன் ஆட்டத்தை அடக்கும் சாக் அப்சார்பரும் சேர்ந்து வரும், உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய சஸ்பென்ஷன் செட். பின்னால் வண்டிகள் காத்திருந்தன. ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது போதாது என்று அன்றிலிருந்து ஓர் உறுத்தல். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிலர் சிரிப்பார்கள். நாலு கதவு, டிக்கியில் கிரைண்டரே ஏற்றலாம். இரண்டே முன்சக்கரங்களில் 230 பிஎஸ் பவரும் 350 நியூட்டன் மீட்டர் டார்க்கும் வந்து இறங்கும்போது அந்தச் சிரிப்பு நின்றுவிடும். வேலை கடலூர் மஞ்சக்குப்பத்தில். தினமும் போக வர 45 கிலோமீட்டருக்குக் குறையாது. வருடத்துக்கு ஐந்து முறை, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள் தம்பி. நான் உட்கார்ந்து போட்டேன், கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. கடலூர் சாலையில் வருடத்துக்குச் சுமார் 13,000 கிலோமீட்டர். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், ஒரு நாளைக்கு 27 சுற்று ஓட்டினால் 100 கிலோமீட்டர், ஆக வருடத்துக்கு 500. திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாக அங்கே போய் வர மட்டும் ஒவ்வொரு முறையும் 300 கிலோமீட்டர் ஆகிறது. டிராக்கில் ஓடும் தூரத்தைப் போல மூன்று மடங்கு, டிராக்குக்குப் போய் வருவதிலேயே கழிகிறது! சஸ்பென்ஷன் வாங்க உட்காரும்போது நமக்கு ஞாபகம் வருவது அந்த 500 மட்டும்தான்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வாங்கிய மூன்றாம் மாதமே 40 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங். சாக் அப்சார்பர் பழையதே, கம்பெனி கொடுத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் விரலை விட்டு அளந்தீர்களே, அந்த இடைவெளி வீணாகக் கிடக்கும் இடம் இல்லை. பள்ளமோ மேடோ வந்தால் சக்கரம் மேலே ஏறிக்கொள்ள வேண்டிய இடம் அது. அதில் 40 மில்லிமீட்டரை நிற்கும்போதே தின்றுவிட்டால், மிச்சத்தை, சக்கரம் எல்லை தாண்டி ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் வாங்குகிறது. அதாவது உங்கள் முதுகு வாங்குகிறது. வேகத்தடைக்கு இந்திய சாலை காங்கிரஸ் ஓர் அளவு வைத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் வசதியாகக் கடக்கலாம். எங்கள் தெருமுனையில் இருப்பதைப் போட்டவர் இந்த அளவைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். அதில் என் வண்டி தினம் இரண்டு முறை அடி தட்டியது. பின்சீட்டில் அம்மா, "இதுக்குக் கட்டை வண்டியே தேவலடா" என்றார்.

சாலையில் கஷ்டப்பட்டாலும் டிராக்கில் நன்றாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை. வளைவுக்குள் திரும்பியதும் வண்டி முன்பைவிட அதிகம் சாய்வது போல ஒரு குழப்பம். காரணம் பிறகுதான் புரிந்தது. முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்டிரட்: மேலே சக்கரத்தைப் பிடித்திருப்பது சாக்கேதான், கீழே லோயர் ஆர்ம் என்ற கை. வண்டியை அளவுக்கு மேல் இறக்கினால் லோயர் ஆர்ம் தரைக்கு இணையான கோட்டைத் தாண்டி, வெளிநுனி மேல்நோக்கிப் போய்விடும். அப்போது ரோல் சென்டர், அதாவது வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் கூடுகிறது. அந்தத் தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல். இறக்கினால் சாயாது என்பது பாதிதான் உண்மை. அதற்கு மேல், வளைவில் சாயும்போது கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) கைவிட்டுவிடும், டயரின் வெளி ஓரம் தேய்ந்து நூல் தெரியும்.

அடுத்த தப்பு இன்னும் செலவானது. 32 கிளிக் உள்ள காயிலோவர், அதாவது சாக்கின் பிடியை 32 படிகளில் டைட்டாக்கவோ தளர்த்தவோ முடியும், பெயர் வேண்டாம். கிளிக் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கினேன். இங்கே ஸ்பிரிங் கணக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 400 கிலோ என்று வையுங்கள். சக்கரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் விறைப்பு இருந்தால், வண்டி நொடிக்குச் சுமார் 1.4 தடவை ஏறி இறங்கும். வீட்டு வண்டிக்கு அது சரியான தாளம். 60 ஆக்கினால் 2 தடவை. அது ரேஸ் வண்டியின் பக்கத்து வீடு. டிராக்கில் அருமை. கடலூர் சாலையில் முள்ளோடையிலிருந்து ரெட்டிச்சாவடி வரை தினமும் அதில் போய்ப் பாருங்கள். இன்னொன்று: இந்த வண்டியில் பின்னால் ஸ்பிரிங் தனி, சாக் தனி. ஸ்பிரிங் ஆர்மின் நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. அதனால் பெட்டியில் போட்டிருக்கும் எண் சக்கரத்துக்கு அப்படியே வராது. சக்கரம் நகரும் தூரத்தில் ஸ்பிரிங் 0.6 பங்குதான் அமுங்குகிறது என்றால், 100 நியூட்டன் ஸ்பிரிங் சக்கரத்தில் 36 தான். முன் எண்ணையும் பின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். நானும் போட்டிருக்கிறேன்.

அந்த 32 கிளிக்கை வைத்து நான் செய்தது ஒன்றுதான், எல்லாவற்றையும் டைட் பக்கமே திருப்பினேன். கடலூர் சாலையில் வரிசையாக வெள்ளைப் பட்டை போட்டிருப்பார்களே, தடதடவென்று ஏழெட்டு மேடு, அங்கேதான் வேடிக்கை. ரீபவுண்ட், அதாவது ஸ்பிரிங் விரிவதை சாக் தடுக்கும் பிடி, அதிகமாக இருந்தால், முதல் மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் விரிந்து எழுவதற்குள் இரண்டாவது வந்துவிடும். அடுத்தடுத்து இன்னும் கொஞ்சம் அமுங்கி, ஐந்தாவது ஆறாவதில் வண்டி பம்ப் ஸ்டாப் மேல் உட்கார்ந்தே ஓடும். ஸ்டீயரிங் லேசாகிவிடும். ஸ்பிரிங் விறைப்பு போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு கிளிக் ஏற்றினேன். சிரிக்காதீர்கள்.

பொருத்திய கடையும் தன் பங்கைச் செய்தது. லோயர் ஆர்ம் போல்ட்டுகளை வண்டி லிஃப்டில் தொங்கும்போதே முழுதாக முறுக்கிவிட்டார்கள். சக்கரம் தரையில் நின்று, எடை இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருக்கும். ஐந்தே மாதத்தில் இரண்டும் கிழிந்தன. அப்புறம் நம் ஊர் உப்புக் காற்று. இரண்டு மழைக்காலம் முடிந்ததும், உயரம் மாற்றும் மரை துருப்பிடித்து இறுகிவிட்டது. கொக்கிச் சாவி நழுவி என் விரல்தான் கிழிந்தது. கடலோரத்தில் இருந்துகொண்டு காயிலோவர்தான் வேண்டும் என்பவர்கள் முதலில் அதன் உடம்பு எதனால் ஆனது என்று கேளுங்கள். கேடபிள்யூ என்ற தயாரிப்பாளர் துருப்பிடிக்காத எஃகில் செய்கிறார்கள். புதுச்சேரிக்கு அந்த ஒரு காரணமே பெரிய காரணம்.

சரி, இப்போது என்ன போட்டிருக்கிறேன்? 15 மில்லிமீட்டர் மட்டும் இறக்கிய ஸ்பிரிங், கம்பெனி விறைப்பைவிடக் கால்வாசி அதிகம். அந்த உயரத்துக்கென்றே குட்டையாகச் செய்த மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) சாக். பில்ஸ்டைன் என்ற பிராண்டு சாக்கில் பி6 என்பது கம்பெனி உயரத்துக்கு, பி8 என்பது இறக்கிய ஸ்பிரிங்குக்கு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிடாதீர்கள். கிளிக் எதுவும் இல்லை. எனக்கு அது நிம்மதி. பணம் போக வேண்டியது சாக்குக்குள் இருக்கும் வால்வுக்குத்தான். வளைவில் வண்டி மெதுவாகச் சாயும்போது பிஸ்டன் மெதுவாக நகரும், அங்கே இறுக்கிப் பிடிக்க வேண்டும். பள்ளத்தில் விழும்போது பிஸ்டன் விருட்டென்று நகரும், அங்கே விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துச் செய்வதுதான் நல்ல சாக். ஓலின்ஸின் டிஎஃப்வி, கோனியின் எஃப்எஸ்டி போன்ற வால்வுகள் எல்லாம் இதைத்தான் வெவ்வேறு வழியில் முயல்கின்றன. பட்ஜெட் இருந்தால் தாராளமாக அங்கே போங்கள், நான் தடுக்கவில்லை.

மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் எல்லாம் புதிது. முன் கேம்பர் மைனஸ் 1.8 டிகிரி; டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, பூஜ்யம். கேம்பர் டயரைத் தின்றுவிடும் என்று பயமுறுத்துவார்கள். என் அனுபவத்தில் டயரைத் தின்பது டோ. பின்னால் மட்டும் கொஞ்சம் தடித்த ஆன்டி ரோல் பார், வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி. முன்சக்கர வண்டி வளைவில் வெளியே ஓடும் குணத்தை அது ஓரளவு அடக்குகிறது. மழையில் மட்டும் ஜாக்கிரதை. இன்சூரன்ஸ்காரரிடம் மாற்றியதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். டிராக்கில் ஏதாவது ஆனால் சாதாரண பாலிசி கைகொடுக்காது.

இதெல்லாம்கூட பிரேக் ஆயில், பிரேக் பேடு, நல்ல டயர், இந்த மூன்றுக்கும் பிறகுதான். முதல் இரண்டு டிராக் நாளுக்கு கம்பெனி சஸ்பென்ஷனோடே போங்கள். எங்கே வண்டி போதவில்லை, எங்கே நீங்கள் போதவில்லை என்பது அங்கேதான் பிரியும். எனக்குப் பிரிந்தது மூன்றாவது வருடம்.

புரட்டாசி சனிக்கிழமை அம்மாவைத் திருவந்திபுரம் அழைத்துப் போகிறேன். காலை ஐந்தரைக்கு மரப்பாலம் வந்துவிடுங்கள் தம்பி, போகும்போது நீங்களே ஓட்டுங்கள். அம்மா பின்சீட்டில் இருப்பார். ரெட்டிச்சாவடி தாண்டிய பிறகு அவரிடமே கேளுங்கள்.